பின்கதவுப் பிடி

ஐப்பசி மழைக்குப் பிறகு
இடதுபக்கக் கண்ணாடித் தவாளிப்பில்
மூன்று காளான் முளைச்சிருந்தது.
காரில் காளான் பிடுங்கினவன்
சுன்னாகத்தில் வேறு ஆரும் இருந்தால்
கூட்டி வாருங்கோ,
தேத்தண்ணி நான் வாங்கித் தாறன்.

மொறிஸ் மைனர், ஸ்ரேசன் வாகன்.
முன்பாதி இரும்பு, பின்பாதி மரம்.
மரம் சோடினைக்கு எண்டு நினைக்கிறவை
ஒரு சட்டத்தைக் கழட்டிப் பார்க்கட்டும்,
கூரை வந்து மடியில் இருக்கும்.
குளிரில் வளர்ந்த சீமை மரம்
எங்கட கறையானுக்குப்
பாணும் சீனியும்.

கறையான் தின்னுற காரை
இன்சூரன்ஸ்காரனுக்கு விளங்கப்படுத்த
ஒரு முழுப் பின்னேரம் போனது.
கடைசியில் அவன் எழுதினான்:
இதர காரணங்கள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் திரும்பி வந்தம்.
வளவில் இரும்பு நிண்டது,
மரம் இல்லை.
விலா உருவின மாதிரிக்
கூரை பின்சீற்றில் குந்தியிருந்தது.
பக்கத்தில் மூன்று கல்,
சாம்பல்,
அடிப்பிடிச்ச சோற்றின் கருக்கல்.
ஆரோ பசிச்சிருக்கினம்.
என்ர கோபத்தைத் தேடிப் பார்த்தன், கிடைக்கேல்லை.
ஏழு பை பதினாறு சாவியும் கிடைக்கேல்லை.

வேம்பு எண்டான் அந்தோனிமுத்து.
கறையான் வாய் வைக்காது,
வைச்சாலும் ஒருக்காத்தான்.
எரியாமல் மிஞ்சின ஒரு சாண் கட்டையை வைச்சு
அளவெடுத்தம். மிச்சமெல்லாம் ஊகம்.
கதவு முதல் தரம் பூட்டேல்லை.
இரண்டாந்தரம் பூட்டித் திறக்கேல்லை.
மூன்றாந்தரம், அந்தி படுற நேரம்,
இரண்டு பேரும் பின்னுக்கு நிண்டு
திறந்து பூட்டி, திறந்து பூட்டி,
அவன்ர மனுசி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும்
கேக்கேல்லை.

பிறகுதான் வியாபாரம்.
செத்த மைனர் மூன்று வாங்கி உரிச்சன்.
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிங்பின்,
சாவி போட்டால் டிக் டிக் எண்டு
தொண்டை செருமுற பெற்றோல் பம்ப்,
திரும்பப்போறம் எண்டு வெளியில் நீளுற
வலது செங்கை ஒன்று. இடது இல்லை.
இடதுக்குத் திரும்பிறவன் தன்ர கையை நீட்டட்டும்.

கண்டியிலிருந்து ரணவீர எடுப்பார்.
அவற்ற தமிழும் என்ர சிங்களமும்
காபறேற்றரில் மட்டும் சந்திக்கும்.
"ஒரிஜினல் மரம் இருக்கா?"
"வேம்பு இருக்கு."
"ஒரிஜினல்?"
"வேம்பு."

போன புதன், மல்லாகத்திலிருந்து ஒரு அம்மா.
சைக்கிள் கூடையில் பேப்பரால் சுத்தி ஏதோ.
பழஞ்சாமான் எடுப்பியளாம் எண்டா.
பித்தளைப் பிடி, பின்கதவுக்குரியது,
முலாம் எரிஞ்சு ஊதாவும் கறுப்புமாய்.
உள்பக்கம் அரத்தால் கீறின இரண்டு கோடு.
கீறினது நான்,
எண்பத்தொன்பதில், பிடி இறுகின நாள்.

எங்கை இருந்தது எண்டன்.
"அடுப்புக்குள்ள."
கொஞ்சம் பொறுத்து, "கனகாலம்."

ஐந்நூறு காணும் எண்டா.
ஆயிரத்தைந்நூறு எண்டன்.
சீச்சீ, எழுநூறு எண்டா.
ஸ்ரான்லி றோட்டில் இப்பிடியொரு பேரம்
பிறந்ததேயில்லை.
ஆயிரத்து இருநூறில் களைச்சு நிண்டம்.

காசை எண்ணாமல் காரைப் பார்த்தா.
"மரம் புதுசே?"
"வேம்பு."
"வேம்பு புகைக்கும். அடுப்புக்கு ஆகாது."
"ஓம்," எண்டன்.
சைக்கிளைத் திருப்பி, படலையடியில்
ஒருக்கால் மணியடிச்சா.
ஒழுங்கையில் ஆக்கள் ஒருத்தருமில்லை.

பிடி பொருந்தேல்லை.
சூட்டில் முறுகி ஒரு நூல் வளைஞ்சிருக்கு.
நிமிர்த்தலாம், வெடிக்கவும் கூடும்.
மேசையில் பில் புத்தகத்துக்கு மேல் கிடக்கு,
காற்றுக்குத் தாள் பறக்காமல்.

இண்டைக்கும் ரணவீர எடுத்தார்.
பின்கதவுப் பிடி ஏதும்?
இல்லை எண்டன், அதைக் கையில் பிடிச்சபடி.
கிங்பின் இருக்கு, இரண்டு சோடி,
வேணுமெண்டால் சொல்லுங்கோ,
வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடலாம்.