பூஜ்யம் புள்ளி மூன்று

புதுவயலில் மேடு என்றால்
ரைஸ்மில்லுக்குப் பின்னால் குவிந்திருக்கும் உமிதான்.
இந்த மாடியறையிலிருந்து பார்த்தால்
அடிவானம் வரைக்கும் வேறெதுவும் எழும்பி நிற்கவில்லை,
இரண்டு செல்போன் கோபுரங்களைத் தவிர.

இங்கே உட்கார்ந்துதான்
நான் பார்த்தே இராத ஒரு மலையை
முப்பது மீட்டர் சதுரங்களாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மென்பொருளுக்குக் காசில்லை.
எந்தெந்த ஊர்க்காரர்களோ எழுதி
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று திறந்து வைத்தது.
வட்டி எவ்வளவு என்று கேட்டார் வீட்டுக்காரர் சாத்தப்பன்.
வட்டியும் இல்லை, முதலும் திருப்ப வேண்டாம் என்றேன்.
"அப்ப அதுல ஏதோ இருக்கு" என்று
வாடகையை எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

இருக்கத்தான் செய்கிறது.
சாய்வு ஓர் அடுக்கு, மண் ஓர் அடுக்கு,
மழை, ஓடை, மரம் வெட்டிய பரப்பு.
எதற்கு எத்தனை எடை என்று கேட்கும்,
தானாகச் சொல்லாது.
சாய்வுக்கு முப்பத்தைந்து போட்டேன்.
மழைக்கு இருபத்தைந்து.
கூட்டினால் நூறு வரவேண்டும், வந்துவிட்டது.
நூறு வந்தால் சரியென்று ஆகிவிடுமா.

மலையிலிருந்து ஜெபசீலன்
பழைய சரிவுகளைப் புள்ளிகளாக அனுப்பியிருந்தான்.
நாற்பத்து மூன்று.
அட்டவணையின் ஓரத்தில் குறிப்புக்கென ஒரு கட்டம்:
தேயிலை. ரோட்டோரம். ரோட்டோரம். சில்வர் ஓக்.
பதினேழாவதில்,
எங்க வீடு இருந்துச்சு.
வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டான் என்று
முதலில் நினைத்தேன்.

என் வரைபடத்தில் அந்தப் புள்ளி
வெளிர்பச்சையில் விழுந்தது.
பச்சை என்றால் பயமில்லை என்று
வலது மூலையில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.
எடைகளை மாற்றினேன். பச்சை.
மறுபடி மாற்றினேன்.
வேறெங்கோ சிவந்தது, அங்கே பச்சைதான்.

நாலு மணிக்கு உமி லாரி வந்தது.
வெள்ளைக்கண்ணு மேலே ஏறி அள்ளுவதில்லை,
அடியில்தான் மண்வெட்டி போடுவான், சீக்கிரம் ஆகும்.
எட்டுக் கூடை. ஒன்பது.
மேடு அசையவில்லை.
தண்ணீர் குடிக்க அவன் நகர்ந்தபோது
உச்சியிலிருந்து ஒரு பக்கம் முழுக்க
சத்தமே இல்லாமல் இறங்கி
மண்வெட்டியை மூடியது.
"பாத்தீகளாக்கா" என்று மேலே பார்த்துச் சிரித்தான்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினேன்.
பதினேழாம் புள்ளிக்கு நேர் கீழே
தலைமுடி கனத்தில் ஒரு பழுப்புக் கோடு.
யாரோ புதிதாக வெட்டிய ரோடு.
சாய்வு அடுக்குக்கு அதைத் தெரியாது,
உயரங்களை அளந்த வருஷம்
அந்த மலைக்கு இன்னும் அடி இருந்தது.

சொடுக்கிச் சொடுக்கிக் கையால் வரைந்தேன்,
ஒவ்வொரு வளைவாக.
வெட்டிய கரையிலிருந்து தூரம் என்று புதிய அடுக்கு.
மற்றவற்றிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிடுங்கி
அதற்கு இருபது கொடுத்தேன்.

ஒன்பதரைக்கு ஓடி முடிந்தது.
பதினேழு சிவந்தது.
அதோடு, மேல் வளைவில்,
இதுவரை புள்ளியே விழாத இடத்தில்
பதினோரு கூரைகளும்.

இது கணக்குதான், முப்பது மீட்டர் முன்னே பின்னே இருக்கும்,
எடைகள் நான் போட்டவை என்றெல்லாம்
போனில் சொல்லிக்கொண்டே போனேன்.
"மேல் வளைவா?" என்று கேட்டான் ஜெபசீலன்.
பிறகு கொஞ்ச நேரம்
அவன் பக்கத்து மழை மட்டும் கேட்டது.

கீழே இறங்கி
டம்ளர் கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றினேன்.
இந்த ஊருக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன்,
பூஜ்யம் புள்ளி மூன்று டிகிரி, எல்லாத் தெருவும்.
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
தண்ணீர்
ஊற்றிய இடத்திலேயே நின்றது.