ஓர் இமைப்பொழுது

பத்தொன்பது வருடம்
முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன்.
காலடியில் கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே கப்பல்,
கப்பலைச் சுற்றி மஞ்சள் தலைக்கவசங்கள்.
ஆட்கள் என்றால் எனக்கு
அந்த மஞ்சள்தான்.

மேலே கழிப்பறை கிடையாது.
அதனால் தண்ணீரை அளந்து குடித்தேன்.
விடிவதற்கு முன் அரைக் கோப்பை,
இறங்கும்வரை ஒன்றுமில்லை.
சிறுநீரகத்தில் கல், இரண்டு முறை.
அதையும் பதக்கம்போல் குத்திக்கொண்டு
கிதினியா துறைமுகம் முழுக்கத் திரிந்தவள் நான்.

பிப்ரவரியில் எங்களை இறக்கிவிட்டார்கள்.
வேலையிலிருந்து அல்ல, உயரத்திலிருந்து.
அலுவலகக் கட்டடம், இரண்டாம் மாடி,
புதுக் கம்பளத்தின் பசை நாற்றம்,
ஐந்து திரை, ஒரு நாற்காலி,
கட்டைவிரல் நீளத்தில் ஒரு கைப்பிடி.
கிரேனை இனி இங்கிருந்தே ஓட்டலாமாம்.

எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.
'காற்று தெரியாதவர்கள் பெட்டியைத் தூக்கக் கூடாது'
என்ற வரியும் என்னுடையது.
பாதி உண்மை இன்னும் அதில் இருக்கிறது என்பேன்.

முதல் வாரமே
நாற்பதடிப் பெட்டி ஒன்றை லாரிமேல் போட்டேன்.
வைக்கவில்லை, போட்டேன்.
சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.
திரையில் லாரி குலுங்கியது,
கதவு திறந்தது,
ஓட்டுநர் இறங்கி வந்து
கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.
முகம்.
நரைத்த மீசையில் ஒரு ரொட்டித் துணுக்கு.
என் பெட்டிக்குக் கீழே நின்றவர்களில்
நான் பார்த்த முதல் முகம்.

பிழை கையில் இல்லை, நேரத்தில் இருந்தது.
கீழே நடப்பது திரைக்கு வந்து சேர
ஓர் இமைப்பொழுது ஆகிறது.
நான் பார்ப்பதெல்லாம் சற்றுமுன் நடந்தது.
அதற்குள் என் கை அடுத்ததைச் செய்துவிடும்.
யத்விகா என்றால் மணிக்கு இருபத்தெட்டுப் பெட்டி,
அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தேன்.

அசை. நிறுத்து. வரட்டும். பிறகு அசை.

நாட்காட்டியின் பின்பக்கத்தில்
அவசரப்பட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு.
மார்ச் மாதத்துக்குப் பக்கம் போதவில்லை.
ஏப்ரலைப் பற்றிப் பேச வேண்டாம்.
மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
கோடே விழவில்லை.
நம்பாமல் பேனாவை உதறிப் பார்த்தேன்.

ஜூனில் கிங்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.
லூப்ளினில் மருந்தியல் படிக்கும் என் மகள்.
எப்போதும் அவள் பாதி வாக்கியம் சொல்வாள்,
மீதியை நான் சொல்வேன்,
கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும்.
அன்று கையின் பழக்கம்
வாய்க்கு ஏறிவிட்டது போலிருக்கிறது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றாள்.

நிறுத்தினேன்.
வரட்டும்.
அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி
மேடையெல்லாம் சிவப்பாக வழிந்தது.
வரட்டும்.

"படிப்பை விட்டு நாலு மாசம் ஆச்சு."

சைக்கிள் கடை ஒன்றில் வேலையாம்.
கோணிய சக்கரங்களை நேராக்குகிறாளாம்.
நாலு மாதம்.
இதற்குமுன் எத்தனை ஞாயிற்றுக்கிழமை
இந்த வாக்கியம் என் வாயில் மோதித்
திரும்பிப் போயிருக்கும்?
கோபம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
"எப்படி நேராக்குவாய்?" என்று மட்டும் கேட்டேன்.
இருபது நிமிடம்,
ஒவ்வொரு கம்பியாகச் சொன்னாள்.

இப்போது மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்கிறேன்.
பேருந்து நிறுத்தத்தில் கடற்காற்று அடித்தால்
உடம்பு தானாக வலப்பக்கம் சாய்கிறது,
தொங்காத எதையோ ஆடாமல் பிடிக்க.

லாரிக்காரர் பெயர் லெஷெக்.
கேமராவைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு விரலை உயர்த்துவார்.
நானும் தலையாட்டுகிறேன்,
அவருக்குத் தெரியாத பக்கத்திலிருந்து.
போய்ச் சொல்ல வேண்டும்.
இரண்டு மாடிதான் இறங்க வேண்டும்.
இன்னும் இறங்கவில்லை.