அடி எடுத்துக் கொடுத்தவன்

டர்பன் மேகசின் பேரக்ஸில் அப்போது
தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவர் நாலு பேர்.
நான் ஒருவன். என் தலையெழுத்து அதுதான்.
வசனம் முழுக்கத் தெரியும் என்பதாலேயே
வேஷம் எனக்கு இல்லை என்றார்கள்.
நோட்டும் ஒரு முக்காலியும் கொடுத்துப்
பக்கத் திரைக்குள் உட்கார வைத்தார்கள்.

ராஜா, பரசுராம படையாச்சி.
பகலில் நகரசபைக் குப்பைவண்டி ஓட்டுகிறவர்,
ஓர் எழுத்து தெரியாது. ஆனால் நின்றால்
தகரக் கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை நிற்பார்.
யாரும் இல்லாதபோது அவர் கிரீடத்தை
ஒருமுறை வைத்துப் பார்த்தேன்.
காது வரை இறங்கிற்று.

ராணி, கிரே தெருச் சலவைக்கடைத் தனபாலன், வயது பத்தொன்பது.
படையாச்சியின் மனைவி சௌந்தரி
தன் கல்யாணப் பட்டைக் கொடுத்தாள்.
ஒத்திகைதோறும் அவளே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள்,
வாயில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு,
"நேரா நில்லுடா" என்று பல்லுக்குள் அதட்டியபடி.
இதில் ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும்.
அந்த ஒன்றுமில்லாததுதான் எனக்கு வசதி.

நான் பொய் சொன்னதே இல்லை, கேளுங்கள்.
கடற்காற்று அடித்த ஒரு சாயங்காலம்
சேலைத் தலைப்பில் அரிதாரம் ஒட்டியிருந்ததைப் பார்த்து
"என்ன இது" என்றார்.
"அது ஒன்றுமில்லை அண்ணே" என்றேன்.
கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னேன்.
அவ்வளவே.

மறுவாரம், "தங்கமான பையன்,
யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள்."
"யார் என்ன சொன்னது?"
"சொன்னால் என்றுதானே சொன்னேன்."

பிறகு எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார்.
கறியில் உப்புக் குறைந்தால்
அது வேறு யாருக்கோ போட்ட உப்பு.
அவள் சிரித்தால் ஒரு பல் கூடுதலாகத் தெரிந்தது.
விதை என்னுடையது,
தண்ணீரும் எருவும் அவர் வீட்டுச் செலவு.

ராஜா ராணியின் கழுத்தைப் பிடிக்கிற கட்டம் உண்டு.
பிடித்த பிடியில், "பொறு மனமே, ஒருமுறை கேட்டுவிடு"
என்று கை தளர வேண்டும்.
அப்புறம் அவள் ஒரு விருத்தம் பாடி
விஷத்தைத் தானே குடிப்பாள்.
எப்படியும் சாவுதான்,
ஆனால் பாடிவிட்டு.

பெரிய வெள்ளிக்கு மறுநாள்.
இசிப்பிங்கோ மாரியம்மனைக் கும்பிட்ட கூட்டம்
நெற்றி மஞ்சளோடு வந்திருந்தது.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் கழுத்தைப் பிடித்தார்.
வசனம் மறந்தது.
தலையைத் திருப்பாமல்
கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.
நோட்டு மடியில். விரல் அந்த வரியின் மேல்.
பொறு மனமே.
ஐந்தே எழுத்து. சிவனுக்கும் அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நேட்டாலில் இப்படி ஒரு நடிப்பைக் கண்டதில்லை என்றார்
தலைமை தாங்கிய முதலியார்.
முதலில் கையை எடுத்தவர் ஆர்மோனியக்காரர்.

தனபாலன் சாகவில்லை. குரல்தான் போயிற்று.
கடையில் இப்போது இஸ்திரிப் பெட்டியின் சீறல்தான்
அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறது.
சௌந்தரி அந்தச் சேலையை எரிக்கவில்லை.
அலசி, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு
டொங்காட் பஸ் ஏறினாள், அண்ணன் வீட்டுக்கு.
ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று
அன்றுதான் தெரிந்தது.

படையாச்சி தினமும் பொழுதுசாய வருகிறார்.
சாட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உட்காருகிறார்.
"உனக்குப் பொய்யே வராது,
மறைக்கப் பார்த்தாய், பாவம், மறைக்கத் தெரியவில்லை" என்கிறார்.
இன்னும் ஏதோ சொல்ல வந்து
பாதியில் நிற்கிறார்.
தலையைத் திருப்பாமல்
கண்ணை மட்டும் என் பக்கம் திருப்புகிறார்.