தாழ்ப்பாள்

சாக்பீஸ் டப்பாவில் சீட்டுகளைக் குலுக்கி
ஹெச்.எம். எடுத்த ஏழாவது எண்:
பதினொன்று பி, முப்பத்தேழு.
நான்தான்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின்
உதட்டடியில் கிடைத்த பொட்டலத்துக்கு
எங்கள் எல்லோரிடமும் பதில் கேட்கிறார்கள்.
அதை விற்ற கடை
காவேரிப்பட்டணம் பஸ் நிற்கும் இடத்தில்
திறந்துதான் இருக்கிறது.

முந்தைய பீரியடில்தான்
உறுப்பு இருபது, உட்பிரிவு மூன்று.
தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல
யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.
'குற்றம் சாட்டப்பட்டவங்களுக்குத்தான் அது,
அடிக்கோடு போடுங்க, ரெண்டு மார்க்' என்றார் மிஸ்.
குற்றமே சாட்டப்படாதவளுக்கு?
மணி அடித்துவிட்டது.

நீல மூடி போட்ட டப்பா. ஒரு படிவம்.
தகப்பனார் கையெழுத்து முன்பே வாங்கியாயிற்று,
மாங்கூழ் பேக்டரிக்கு நைட் ஷிப்ட் கிளம்பும் அவசரத்தில்
அப்பா படிக்காமல் போட்டது.
கடைசி வரி:
தற்போது உட்கொள்ளும் மாத்திரைகள்.

இரவு ஒன்பதரைக்கு ஒன்று.
வெள்ளை. சின்னது.
கிருஷ்ணகிரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களென்று
தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வருவது.
அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும்.
பதினான்கு வயதில் வாயில் நுரையோடு
நான் விழுந்த களத்துமேட்டுக்குத் தெரியும்.
எழுதினால் வலிப்புக்காரி.
எழுதாமல் விட்டால், பட்டையில் கோடு விழும்,
போதைக்காரி.
பேனாவை மூடி வைத்தேன்.

எங்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
எனக்கு பவித்ராஸ்ரீ கதவைப் பிடித்துக்கொள்வாள்,
அவளுக்கு நான்.
இன்று பிடித்துக்கொண்டது ஒரு பெண் காவலர்.
கெட்டவரில்லை.
'தப்பு செய்யாத பிள்ளைக்கு என்ன கண்ணு பயம்?'
வரட்டுமென்று குழாயைக்கூடத் திறந்துவிட்டார்.

டப்பா இளஞ்சூடாக இருந்தது.
என் உடம்பு
எனக்குத் தெரியாத ஒரு பாஷையில்
யாரிடமோ எதையோ சொல்லப் போகிறது.
நான் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான்.

மேசைக்கு வந்தேன்.
அந்தக் கடைசி வரியில் எழுதினேன்:
'தாழ்ப்பாள் கேட்டு ஒன்பதாவதில் மனு கொடுத்தோம்.
இன்னும் வரவில்லை.'

ஹெச்.எம். படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார்.
'கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்மா.'

வரிசை எனக்குப் பின்னால் நெளிந்தது.
யாரோ சிரித்தார்கள்.
டப்பாவை நீட்டச் சொல்லி ஒரு கையுறை காத்திருந்தது.
நான் இன்னும் கொடுக்கவில்லை.
என் கையில் அது
மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.