காஜா

முதல் வாரமே குப்பையைக் கோவில் மூலையில் கொட்டினேன்.
மாமியார் போட்ட சத்தத்தில்
அடுத்த வீட்டுப் பன்றி எழுந்து நின்றது.

நான் என்ன செய்ய?
காஜா என்றால் மலைப்பக்கம். கெலோத் என்றால் கடல்பக்கம்.
சாமி காஜாவில், பன்றியும் குப்பையும் கெலோத்தில்.
பால்பல் விழுமுன் படித்த பாடம்.
ஆனால் கியாஞாரில் மலை வடக்கே இருந்தது,
சிங்கராஜாவில் தெற்கே இருக்கிறது.
ஒரே மலைதான்.
நான் வாழ்க்கைப்பட்டது அதன் முதுகுக்கு.

கிழக்கும் மேற்கும் ஒழுங்கானவை.
எந்தக் கணவாயைத் தாண்டினாலும்
சூரியன் வந்த வழியில்தான் வருகிறது.
இந்த ஒரு சொல் மட்டும்
பெதுகுல் மூடுபனியில் பஸ் நின்றபோது
என்னோடு இறங்கி, ஒதுங்கிவிட்டு வந்து,
ஏறும்போது வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.

அங்கே ஸ்ட்ராபெரி விற்றவளிடம் கேட்டேன்,
"இந்த இடத்தில் காஜா எது?"
தராசுத் தட்டைத் துடைத்தபடி,
"கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்றாள்.
"வாங்கவில்லை, சும்மா கேட்கிறேன்."
"சும்மா என்றால், மேலே."
முகவாயால் மேகத்தைக் காட்டினாள்.

வலது இடதெல்லாம் எங்களுக்கு
கொடுக்கிற கை, கழுவுகிற கை, அவ்வளவே.
மற்றபடி,
உப்பு டப்பாவைக் கொஞ்சம் கெலோத் தள்ளு,
உன் காஜாக் கன்னத்தில் ஒரு பருக்கை.
துடைப்பதற்குள் யாராவது கூப்பிட்டுத் திரும்பிவிட்டால்
பருக்கை கெலோத்துக்குப் போய்விடும்,
கன்னத்தை விட்டு நகராமலே.

பல் ஆஸ்பத்திரியில் வேலை எனக்கு.
டாக்டர் ஹார்யோனோ மலாங்காரர்,
ஜாவாவில் எல்லாம் வடக்கு தெற்குதான்.
ஒரு மீன்காரர் வந்து, "கெலோத் கடைவாய்" என்றார்.
கியாஞார்ப் புத்தியில் நான் குறித்துக்கொடுத்தேன்.
ஊசி போட்டாயிற்று, குறடு உள்ளே போயாயிற்று,
மனிதர் இரண்டு கையாலும் காற்றில்
அலை அலையாகக் கடலை வரைந்து காட்டினார்.
தப்பித்தது ஒரு நல்ல பல்.
டாக்டர் மறுநாளே நாற்காலியைத் தரையோடு முடுக்கச் சொன்னார்,
இனி யாரும் அதைத் திருப்பக் கூடாது.

கட்டிலைத் திருப்பியது சுவெத்ரா.
அரைத் தூக்கத்தில் ஒருநாள் பழைய வடக்கே தலைவைத்து,
காலை மலைக்கு நீட்டிக் கிடந்தேனாம்.
என்னை எழுப்பாமல்,
என்னோடு சேர்த்தே கட்டிலைத் தூக்கிச் சுற்றினான்.
விடிந்தபோது ஜன்னல் காலடியில் இருந்தது.
அதற்காகவே அவனைப் பல நாள் மன்னித்தேன்.

பிரிந்ததற்குக் காரணம் திசை இல்லை.
டயர் கடைக் கடன், அவனுடைய இரண்டாவது போன்,
அது மேஜையில் எப்போதும் குப்புறக் கிடந்த விதம்.
இதற்கெல்லாம் திசை கிடையாது.
மூன்றாம் வருடம் பஸ் ஏறினேன்.
பெதுகுலில் நிற்கவில்லை. மழை.

இப்போது கியாஞாரில், வேறொரு ஆஸ்பத்திரி.
ஆறு மாதம் உப்பைத் தப்பான பக்கம் தேடினேன்.
"வடக்கத்தி மருமகள்" என்று அண்ணன் சிரித்தான்.

நேற்றுக் கையெழுத்துக்காக அவன் அனுப்பிய தாள்கள் வந்தன.
உறையில் இரண்டு ஊர்ப் பெயர்களும்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோதுதான் பட்டது:
நான் தலை வைத்திருப்பது வடக்கே,
அவன் தலை வைத்திருப்பது தெற்கே.
அவனுக்கும் காஜா. எனக்கும் காஜா.
ஒரே கட்டிலில் கிடந்தபோதுகூட
இவ்வளவு நேருக்கு நேர் தலைகள் இருந்ததில்லை.
நடுவில் மலை,
கால்களுக்கு ஆளுக்கொரு கடல்.

போன் செய்தேன்.
"தாள் வந்ததா?"
"வந்தது."
"தூங்கலையா?"
"படுத்திருக்கேன். கட்டில் எப்படிக் கிடக்கு?"
"நீ போட்டுட்டுப் போன மாதிரிதான்."
"நான் எங்கே போட்டேன், நீதானே."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
அவன் பக்கம் ஒரு நாய் குரைத்தது,
பிறகு என் பக்கமும் ஒன்று.
"கெலோத் ஜன்னல் ஒழுகுது" என்றான்.

எந்த ஜன்னல் என்று
கேட்காமலே தெரிந்தது.