கார்டு

எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
கம்போடு நிற்பவரும் கார்டு,
பால் கவரில் சுருட்டி நான் நெஞ்சுக்குள் வைத்திருப்பதும் கார்டு.
சொல்லும்போது தொண்டை கொஞ்சம் இறங்க வேண்டுமாம்.
உப்புத் தண்ணீர் குடித்த தொண்டை
எதற்கும் இறங்காது.

அன்றைக்குக் கச்சான் ஓய்ந்திருந்தது.
குருசடைக்கு இந்தப் பக்கம், கழுத்தளவுத் தண்ணீரில்
மரிக்கொழுந்துப் பாசி பிய்த்துக்கொண்டிருந்தோம்,
நானும் இன்னாசியம்மாளும் இன்னும் நாலு பேரும்.
படகுச் சத்தம் கேட்டுத் தலை தூக்கினால்
காக்கி.
"கார்டு எங்கே?" என்றார் கார்டு.

பத்து விரலிலும் துணி சுற்றியிருக்கிறது.
கவரைப் பிரித்தேன். வழுக்கியது.
வெயிலில் என் போட்டோ
ஒரு தடவை மின்னிவிட்டு உள்ளே போனது.
அவ்வளவுதான் நடந்தது.

ஸ்டேஷனில் ரைட்டரிடமும் அதையே சொன்னேன்:
"கார்டு கடல்ல விழுந்துருச்சு சார்."
"எப்படி?"
"என் கைதான் சார். வழுக்கிருச்சு."
அவர் எழுதினார்:
நம்புசெல்வி, வயது நாற்பத்தொன்று, என்பவரின் கையால்
கார்டு கடலில் விழுந்தார்.

நான் விழுந்தது என்றேன்.
அவர் விழுந்தார் என்றார்.
அரசாங்க ஊழியரை அது என்று எழுதலாமா,
மரியாதை வேண்டாமா?
ஒரு ஆர்.
அந்த ஒரு ஆர்தான் என் மேல் போட்ட கேஸ்.

பக்கத்திலேயே நின்றிருந்தார் கார்டு.
உடுப்பில் தேய்த்த மடிப்பு கலையவில்லை.
"நான் விழல ஏட்டய்யா," என்றார் மெதுவாக.
"எழுதியாச்சு."

காத்திரு என்றார்கள்.
காப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஒரே கா.
சோலைக்கும் கா என்று பெயராம்;
இது நிழலில்லாத கா.
பதினொரு மணியிலிருந்து அதன் அடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஃபேனைச் சுற்றிக் கம்பிக் கூடு, அதுவும் கார்டு.
பிடித்துவைத்த பைக்கின் பின்சக்கரத்துக்கு மேலே
சேறு தெறித்த 'நம்புநாயகி துணை', அதுவும் கார்டு.
உச்சிப்புளிப் பக்கம் போன ஹெலிகாப்டரில் எழுதியிருப்பதும்
அதுதான் என்றாள் இன்னாசியம்மாள், எட்டாவது படித்தவள்.
ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு இருந்தாரே,
அவரை மட்டும் மேனேஜர் ஆக்கிவிட்டார்களாம்.
என் கொழுந்தன் ரியாத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் கார்டு.
கார்டைச் செருகினால் பணம் கொட்டுகிற மெஷின்.
அவனுடைய கார்டு முதலாளியின் மேஜைக்குள் இருக்கிறது.

இத்தனை பேர் காக்கிறார்கள்.
எதை என்று கேட்க வாய் வரவில்லை. பசி.

விளக்குப் போடும் நேரம் ரேகைக்குக் கூப்பிட்டார்கள்.
மை தடவி அழுத்தினால்
கறுப்பாக ஒரு வட்டம், உள்ளே கோடே இல்லை.
"என்னம்மா இது?"
"காப்பு சார். பாறையைப் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப் போச்சு."
"காப்பா?"
என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.
அங்கே ஒரு ரப்பர் வளையல் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள் கரைக்கு அவரே வந்தார்.
பெயர் தவசிமுத்து என்று அப்போதுதான் தெரியும்.
மேலிடத்தில் கேட்கிறார்களாம்,
விழுந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே?
விழவில்லை என்றால் கேஸ் எதற்கு?
"அந்தக் கார்டு கிடைச்சா எல்லாம் முடிஞ்சுரும்மா."
"எடுத்துரலாம் சார். ஆனா அது தீவுப் பக்கமுல்ல கிடக்கு.
கார்டு இல்லாம அங்க போனா
கார்டு பிடிப்பாரு."

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார்.
பிறகு ஷூவைக் கழற்றினார்.
ஒன்றுக்குள் ஒன்றாகச் சாக்ஸைச் செருகினார்.
வல்லத்தில் ஏறியவர் பேசவே இல்லை.

இடம் காட்டினேன்.
கார்டு கடலில் இறங்கினார்.
இடுப்பு, நெஞ்சு. மடிப்பெல்லாம் போயிற்று.
நீச்சல் தெரியாது போலிருக்கிறது,
கை காற்றில் எதையோ தேடியது.
நீட்டினேன், துணி சுற்றிய விரல்களை.

"பார்த்து சார்," என்றேன்,
"கீழ பார் இருக்கு."