தலைக்கனம்

நவம்பரில் எஸ்பியர்க் நகரம்
நாலு மணிக்கே விளக்கேற்றிக்கொள்கிறது.
காற்றாலை இறக்கைகளைக் கப்பலில் ஏற்றி
எண்ணிக்கை சரிபார்த்துக் கையெழுத்திட்டு
அந்தக் கையோடு கடைக்குள் வருகிறாள் சிட்செல்.
மழைக்கோட்டைக் கழற்றவில்லை.
"ஒற்றையருக்கு ஒரு மட்டை."

பதினோரு வருடம் இரட்டையர் ஆடியவள்.
வலையோரம் இவள், பின்னால் குன்வோர்.
குன்வோருக்கு ஃபரோ தீவில் வேலை கிடைத்தது,
மீன் ஆலையில், நல்ல சம்பளம்.
போகும்போது காலணியையும் துண்டையும் எடுத்துப்போனாள்.
ஆடுகளத்தின் பின்பாதியை
இவளிடம் விட்டுப்போனாள்.

எஸ்கில் நரம்பு கட்டிக்கொண்டிருக்கிறான்.
நிமிராமலே கேட்கிறான், பழையது எங்கே என்று.
நீட்டுகிறாள். எண்பது கிராம்கூட இல்லை.
விரல் நினைத்தால் திரும்பிவிடும்,
முகத்துக்கு வருவதைத் தட்டிவிடும்.
"கோடுவரை அனுப்புமா?"
அனுப்பாது. அனுப்பச் சொல்லி
அதை யாரும் கேட்டதும் இல்லை.

சுவரிலிருந்து ஒன்றை இறக்குகிறான்,
மினுக்கம் இல்லாத கறுப்பு.
விரல்மேல் கிடத்தினால் தலைப்பக்கம் சரிகிறது.
தண்டு வளைய மறுக்கிறது.
தொலைக்காட்சியில் எகிறி அடிக்கிறவர்கள் கையில் இருக்கும் சாதி.
தலைக்கனம் பிடித்த மட்டை.
நேரத்துக்கு வந்து சேர்ந்த காலுக்கு
அது இடி.

ஒரு வாரம் ஆடிப் பார்க்கக் கொடுத்தான்.
முதல் ஆட்டம் இருபத்தொன்றுக்குப் பதினான்கு,
இவள் பக்கம். கூடத்துக் கூரை அதிர்ந்தது.
ராக்னா பல் மருத்துவர், அவசரப்படாதவள்.
இரண்டாவதில் இடது பின்மூலைக்கே அனுப்பினாள்,
மறுபடி அங்கே, மறுபடி அங்கேயே,
சொத்தை இருக்கும் பல்லைத்
தட்டித் தட்டிப் பார்ப்பதுபோல.
இறகு தோளைத் தாண்டிப் போய்விட்டது,
உடம்பு இன்னும் திரும்பவில்லை,
மணிக்கட்டு மட்டும் மிச்சம்.
அந்தக் கணத்தில் கறுப்பு மட்டை
வெறும் இரும்புக் கரண்டி.
எல்லாம் பாதிக் களத்திலேயே விழுந்தன.
ராக்னா அவற்றை
நடந்துபோய் முடித்துவைத்தாள்.

தமிழில் இதற்கு ஒற்றையர் என்று பெயர்.
ஒரே ஆளுக்கு எதற்கு இந்தப் பன்மை
என்று கேட்கிறவர்கள் களத்தில் நின்று பார்க்கட்டும்:
முன்னால் ஒருத்தி வேண்டும், பின்னால் ஒருத்தி.
வந்திருப்பவளோ ஒருத்திதான்.

வியாழக்கிழமை மட்டையைத் திருப்பிக்கொடுத்தாள்.
"கனமா?"
"இல்லை. நான் நன்றாக ஆடும்போது
எதைக் கொடுத்தாலும் ஆடிவிடுவேன்.
பிந்திப்போகும்போது ஆட ஒன்று கொடு."
எஸ்கில் இயந்திரத்தை நிறுத்தினான்.
இப்படி யாரும் கேட்டதில்லைபோல.
கடையின் உள்ளே போய்,
போன வருடத்து நீலம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துவந்தான்.
விரல்மேல் நின்றது. கடுகளவு தலைப்பக்கம், அவ்வளவுதான்.
தண்டு கொஞ்சம் வளைந்து கொடுத்தது.
நிறம் பிடிக்கவில்லை. விலை குறைத்திருந்தார்கள்.
நரம்பு இருபத்தாறு பவுண்டு இழுக்கட்டுமா என்றான்.
இருபத்துமூன்று போதும் என்றாள்,
கைப்பிடித்துணி ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு யார் வென்றார்கள் என்பது
ராக்னாவுக்கும் இவளுக்கும் தெரியும்.
மூன்றாவது ஆட்டம், பதினேழுக்குப் பத்தொன்பது.
மறுபடி இடது பின்மூலை. மறுபடி பிந்திவிட்டாள்.
முதுகு வலையைப் பார்க்க, மணிக்கட்டைச் சுண்டினாள்.
இறகு எழுந்தது, விளக்குகளுக்குள் மறைந்தது,
அந்தக் கோடியில், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
செங்குத்தாக இறங்கியது.
சிட்செல் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கினாள்,
குன்வோருக்கு வழிவிட்டு.
பிறகு ஞாபகம் வந்து
நடுவுக்கு ஓடினாள்.

அன்று இரவு ஃபரோவுக்கு ஒரு செய்தி போனது:
நீல மட்டை. இருபத்துமூன்று பவுண்டு.
அந்தப் பின்மூலை இவ்வளவு தூரமா?
நீ சொல்லவே இல்லையே.